சாக்லேட்டில் மெழுகு சேர்க்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

வீட்டில் சாக்லேட் செய்யத் தொடங்கியவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் வந்து நிற்கிற இடம் இது. சாக்லேட்டை உருக்கி, பாதாமையோ பிஸ்கட்டையோ முக்கி எடுத்து ஆறவைத்தால் பளபளப்பு வராது, தொட்டால் விரலில் ஒட்டும், இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மேலெல்லாம் சாம்பல் பூத்து நிற்கும். என்ன செய்யலாம் என்று கேட்டால் உடனே ஒரு பதில் வரும்: "கொஞ்சம் மெழுகு சேருங்க." எந்த மெழுகு, எவ்வளவு, எந்தச் சூட்டில், வாங்கியது வாயில் போடத் தக்கதுதானா என்று அடுத்த கேள்வி கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், ஒருவர் சொல்வதும் இன்னொருவர் சொல்வதும் ஒத்துப்போகாது. நானும் இப்படித்தான் அங்கே இங்கே கேட்டு, கிடைத்ததையெல்லாம் செய்து பார்த்து, நிறையச் சாக்லேட்டை வீணாக்கிய பிறகுதான் ஒரு தெளிவுக்கு வந்தேன். நீங்களும் அதே அலைச்சல் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெழுகு தேடி வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வேண்டியது மெழுகு இல்லை, ஒரு நல்ல தெர்மாமீட்டர். அப்படியும் மெழுகுதான் வேண்டும் என்கிற சில இடங்கள் உண்டு. அங்கே எப்படிச் செய்வது என்பதையும் விவரமாகச் சொல்கிறேன்.

1. உங்களுக்கு மெழுகு தேவைதானா?

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். காசும் நேரமும் மிச்சமாவது இங்கேதான்.

கையில் இருக்கும் சாக்லேட் பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கம் உள்ள பொருள்பட்டியலைப் படியுங்கள். கொழுப்பு என்ற இடத்தில் கோகோ பட்டர் மட்டும் இருந்தால் அது அசல் சாக்லேட். பாம் கர்னல் எண்ணெய், ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு என்று எழுதியிருந்தால் அது காம்பவுண்ட். காம்பவுண்டுக்கு மெழுகு வேண்டவே வேண்டாம். உருக்கி, முக்கி, ஆறவைத்தால் அதுவே இறுகும், ஓரளவு பளபளக்கவும் செய்யும். அந்தக் கொழுப்பைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். இது தெரியாமல் காம்பவுண்டிலும் மெழுகைக் கலந்து, ஏற்கெனவே சுமாரான சுவையை இன்னும் கெடுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

அசல் சாக்லேட் என்றால் விஷயம் வேறு. கோகோ பட்டர் இறுகும்போது ஆறு விதமான படிகங்களாக இறுகக்கூடும். அதில் ஐந்தாவது வகைதான் நமக்கு வேண்டியது. உடைத்தால் 'டக்' என்று சத்தம் வருவதும், மேலே கண்ணாடி மாதிரி மினுங்குவதும், கையில் எடுத்தவுடன் உருகாமல் இருப்பதும் அந்த வகையால்தான். வெறுமனே உருக்கி அப்படியே ஆறவிட்டால் மற்ற வகைகளும் கலந்து உருவாகிவிடும். மங்கலாவதும், ஒட்டுவதும், பிறகு வெளுத்துப்போவதும் அதனால்தான். சூட்டை ஏற்றி இறக்கி, அந்த ஐந்தாவது வகையை மட்டும் வரவழைப்பதற்குப் பெயர் டெம்பரிங். டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை உருக்கி, 27 அல்லது 28 டிகிரிக்கு இறக்கி, மறுபடி 31 அல்லது 32 டிகிரிக்கு ஏற்றி வேலை செய்ய வேண்டும். மில்க் சாக்லேட் என்றால் கடைசிச் சூடு 29 அல்லது 30. வெள்ளைச் சாக்லேட்டுக்கு இன்னும் ஒரு டிகிரி குறைவு.

இதை எளிதாகச் செய்ய ஒரு வழி இருக்கிறது. இருக்கிற சாக்லேட்டில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் உருக்குங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு, மீதி ஒரு பங்கைப் பொடியாக நறுக்கி அதில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். நறுக்கிய துண்டுகளில் சரியான படிகம் ஏற்கெனவே இருக்கிறது, அது மற்றதையும் தன் வழிக்குக் கொண்டுவந்துவிடும். டார்க் சாக்லேட் 31 அல்லது 32 டிகிரிக்கு வந்ததும் ஒரு கத்தியின் நுனியை முக்கி எடுத்து மேசைமேல் வையுங்கள். அறை 20 டிகிரி அளவில் இருந்தால் ஐந்து நிமிடத்துக்குள் ஓரத்திலிருந்து இறுகத் தொடங்கி, கீற்று இல்லாமல் மினுங்கும். அப்படி வந்துவிட்டால் இந்தக் கட்டுரையின் மீதியைப் படிக்காமலே போய்விடலாம், உங்களுக்கு மெழுகு தேவையில்லை.

இன்னொரு விஷயம், சிப்ஸ். மெழுகு சேர்க்கச் சொல்கிற குறிப்புகள் பெரும்பாலும் சாக்லேட் சிப்ஸை வைத்து எழுதியவை. சிப்ஸ் பிஸ்கட்டுக்குள்ளே இருந்து வெந்தாலும் வடிவம் மாறாமல் இருப்பதற்காகச் செய்யப்படுவது, அதனால் அதில் கோகோ பட்டர் குறைவு, உருக்கினால் கூழ் மாதிரி கெட்டியாக நிற்கும். அதைக் கட்டிக்கொண்டு மாரடிப்பதை விட, கூவர்ச்சர் என்று போட்டிருக்கும் சாக்லேட்டை வாங்கினால் பாதித் தொல்லை ஒழிந்தது. டார்க் கூவர்ச்சரில் கோகோ பட்டர் 31 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது சர்வதேசத் தரம். கெட்டியாக இருக்கிறது, கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்பதுதான் பிரச்சினை என்றால் அதற்கும் மெழுகு மருந்தில்லை. ஒரு கரண்டி கோகோ பட்டர் சேருங்கள், அது போதும்.

சரி, அப்புறம் எங்கேதான் மெழுகு? இரண்டே இடம். ஒன்று, டெம்பரிங் செய்ய நேரமோ வசதியோ இல்லை, ஓரிரு நாளில் தின்று தீர்க்கப்போகிற உருண்டைகளை அசல் சாக்லேட்டில் முக்கி எடுக்க வேண்டும், கையில் ஒட்டவும் கூடாது. இன்னொன்று, பாதாம், திராட்சை போன்றவற்றுக்குச் சாக்லேட் சுற்றி, அதன் மேல் மினுக்குப் பூச்சு கொடுப்பது. முதலாவதில் மெழுகு சாக்லேட்டுக்குள்ளே கலக்கிறது, இரண்டாவதில் மேலே மட்டும் படிகிறது. இரண்டும் வேறு வேறு வேலை, வேறு வேறு மெழுகு.

2. எந்த மெழுகு?

கடையில் கேட்கும்போது குழம்பாமல் இருக்க நான்கு பெயர் தெரிந்தால் போதும்.

பாரஃபின்: பெட்ரோலியத்திலிருந்து வருவது. வகையைப் பொறுத்து ஏறத்தாழ 46 முதல் 68 டிகிரிக்குள் உருகும். மணமும் கிடையாது, சுவையும் கிடையாது. சாக்லேட்டுக்குள்ளே கலக்கச் சொல்லும் குறிப்புகள் சொல்வது இதைத்தான். 50 முதல் 55 டிகிரிக்குள் உருகுகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள், அதற்கு மேல் போனால் சாக்லேட்டோடு சேர்வதற்குள் திரிதிரியாக இறுகிவிடும்.

தேன்மெழுகு: 62 முதல் 64 டிகிரியில் உருகும். லேசான தேன் வாசனை இருக்கும், டார்க் சாக்லேட்டில் அது நன்றாகக்கூட இருக்கலாம். வடிகட்டிச் சுத்தம் செய்த, உணவுத் தரமுள்ள துகளாக வாங்குங்கள். தேன் எடுப்பவரிடம் நேரடியாக வாங்கிய கட்டியில் மகரந்தம், பிசின், தூசி எல்லாம் இருக்கும்.

கார்னவுபா: பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலையில் படியும் மெழுகு. 82 முதல் 86 டிகிரியில்தான் உருகும். அவ்வளவு சூட்டுக்குச் சாக்லேட்டைக் கொண்டுபோனால் கருகிவிடும், ஆகவே இதைச் சாக்லேட்டுக்குள் கலக்கவே முடியாது. மேற்பூச்சுக்கு மட்டும்தான்.

ஷெல்லாக்: இது மெழுகு இல்லை, அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின். ஆனால் மிட்டாய் மினுக்குகிறவர்கள் மெழுகோடு சேர்த்தே இதைப் பேசுவதால் சொல்லிவைக்கிறேன். தேன்மெழுகும் ஷெல்லாக்கும் பூச்சிகளிடமிருந்து வருபவை. உயிரினங்களிடமிருந்து வரும் எதையும் தின்னாத வீகன் ஆட்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் இரண்டும் ஆகாது, கார்னவுபா ஆகும்.

மெழுகுவர்த்தி மெழுகை மட்டும் தொடாதீர்கள். "அதுவும் பாரஃபின்தானே" என்று யாராவது சொல்வார்கள். அதில் வாசனை எண்ணெய், சாயம், கெட்டிப்படுத்தும் பொருட்கள் என்று என்னென்னவோ சேர்ந்திருக்கும், எதுவும் உணவுக்கானதில்லை. வெள்ளையாக, மணமில்லாமல் இருந்தால் சுத்தமானது என்றும் அர்த்தமில்லை.

3. வாங்குவதற்கு முன் கேட்டு வாங்க வேண்டிய தாள்கள்

ஒரு பாக்கெட் மெழுகுக்குத் தாள் கேட்பதா என்று கூச்சப்பட வேண்டாம். உணவுப் பொருள் விற்கிறவரிடம் இவை இருக்கும். இல்லை என்றால் அதுவே பதில்.

முதலாவது, தர விவரத்தாள். பொருளின் பெயர், உருகுநிலை, சிஏஎஸ் எண் (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் கொடுக்கும் அடையாள எண்), உணவுச் சேர்மான எண், "உணவுத் தரம்" என்கிற வார்த்தை எல்லாம் அதில் இருக்க வேண்டும். பாரஃபினுக்கு சிஏஎஸ் எண் 8002-74-2, தேன்மெழுகுக்கு 8012-89-3, கார்னவுபாவுக்கு 8015-86-9. உணவுச் சேர்மான எண்கள் இப்படி: தேன்மெழுகு 901, கார்னவுபா 903, ஷெல்லாக் 904, பாரஃபின் 905 வரிசை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சிஏஎஸ் எண் பொருள் என்ன என்பதை மட்டும்தான் சொல்லும், அது தின்னத் தக்கதா என்பதைச் சொல்லாது. மெழுகுவர்த்திப் பாரஃபினுக்கும் உணவுப் பாரஃபினுக்கும் ஒரே எண்தான். அதனால் அந்த எண்ணைக் காட்டி "பாருங்க, சரியாத்தானே இருக்கு" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

இரண்டாவது, நீங்கள் வாங்கும் தொகுப்புக்கான (பேட்ச்) பகுப்பாய்வுச் சான்றிதழ். அதில் உள்ள தொகுப்பு எண்ணும் பாக்கெட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒத்துப்பாருங்கள். எனக்கு ஒரு விற்பனையாளர் அனுப்பிய சான்றிதழில் தேதியும் வேறு, எண்ணும் வேறு. கேட்டதற்கு "எல்லாம் ஒரே சரக்குதான்" என்றார். அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"ஃபுல்லி ரிஃபைன்ட்" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதும் இப்படி ஏமாற்றும். அதற்கு எண்ணெய்ச் சத்து நீக்கிய மெழுகு என்றுதான் பொருள். உணவுத் தரம் என்பதைத் தனியாக, வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும்.

விற்பதற்காகச் செய்கிறீர்கள் என்றால் மூன்றாவதாக ஒவ்வாமை விவரத்தாளையும் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். கேட்டதும் அன்றே வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், தாள் வரும்வரை பணம் கட்டாமல் இருப்பதுதான் நல்லது.

4. செலவு எங்கே போகிறது

மெழுகு பெரிய செலவில்லை. ஒரு கிலோ சாக்லேட்டுக்குச் சில பத்து கிராம்தான் போகும், அரைக் கிலோ கட்டி வாங்கினால் வீட்டு வேலைக்குத் தீரவே தீராது. சிக்கல் என்னவென்றால் உணவுத் தர மெழுகைச் சில்லறையில் விற்கிறவர்கள் குறைவு. கார்னவுபா கேட்டால் மூட்டைக் கணக்கில்தான் தருவோம் என்பார்கள், அனுப்பும் கூலி பொருளின் விலையைத் தாண்டும். அப்படி வந்தால் கேக், மிட்டாய்ப் பொருள் விற்கும் கடைகளில் சின்ன டப்பா கிடைக்கிறதா என்று பாருங்கள். கிலோ விலை அதிகம்தான், ஆனாலும் மொத்தத்தில் அதுதான் மலிவு.

காசு போட வேண்டிய இடம் வேறு: ஒரு டிகிரி வரை காட்டும் எலெக்ட்ரானிக் தெர்மாமீட்டர், ஒரு கிராம் வரை நிறுக்கும் தராசு, மெழுகுக்கென்றே ஒதுக்கிய ஒரு பழைய பாத்திரம். நல்ல பாத்திரத்தை எடுத்தால் அது அப்புறம் மெழுகுப் பாத்திரம்தான், வேறு எதற்கும் வராது.

5. முதலில் நூறு கிராமில் சோதித்துப் பாருங்கள்

பழைய குறிப்புகளில் 340 கிராம் சாக்லேட்டுக்கு 28 கிராம் மெழுகு என்று ஒரு அளவு திரும்பத் திரும்ப வரும். அதாவது எட்டு சதவீதம். என்னைக் கேட்டால் இது ரொம்ப அதிகம். ஏன் என்பது எளிது. கோகோ பட்டர் ஏறத்தாழ 34 டிகிரியில் உருகுகிறது, வாயின் சூடு 37. அதனால்தான் நல்ல சாக்லேட் நாக்கில் வைத்ததும் கரைந்து ஓடுகிறது. மெழுகு 50 டிகிரிக்கு மேல் உருகுகிற சாமான், வாயில் அது உருகவே உருகாது. மென்று விழுங்கிய பிறகும் மேல்வாயில் ஒரு படலம் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீர் குடித்தாலும் போகாது. வயிற்றிலும் செரிக்காது, அப்படியே கழிவோடு வெளியேறிவிடும். கெடுதல் இல்லைதான், ஆனால் தின்கிற சுகம் போய்விடும்.

ஆகவே நூறு கிராம் சாக்லேட் வீதம் மூன்று கிண்ணம் எடுத்துக்கொண்டு, ஒன்றில் 2 கிராம், ஒன்றில் 4 கிராம், ஒன்றில் 6 கிராம் மெழுகு கலந்து கிண்ணத்துக்கு இரண்டு பாதாம் முக்கி எடுங்கள். இறுகியதும் ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒன்றை விரலிடுக்கில் பத்து விநாடி பிடித்துப் பாருங்கள், பிறகு வாயில் போட்டுக் கடிக்காமல் நாக்கால் மேல்வாயில் அழுத்திப் பாருங்கள். விரலில் ஒட்டாமலும், வாயில் படலம் தெரியாமலும் இருக்கிற மிகக் குறைந்த அளவு எதுவோ அதுதான் உங்களுக்கு. என் கைக்கு வந்தது 3 சதவீதத்தை ஒட்டி. உங்கள் சாக்லேட்டுக்கு அது மாறலாம். வீட்டில் வேறு யாரிடமாவது சொல்லாமல் கொடுத்துக் கேட்பது இன்னும் நல்லது, செய்தவர் நாக்கு எப்போதும் கொஞ்சம் தாராளமாகவே மார்க் போடும்.

6. உருக்குவதும் கலப்பதும்

இங்கே அவசரப்பட்டால் கை சுடும், சில சமயம் அடுக்களையே பற்றும். முதலில் அந்த எச்சரிக்கைகள்.

மெழுகை நேரடியாகத் தீயில் வைக்காதீர்கள். ஏறத்தாழ 200 டிகிரியில் அதன் ஆவி தீப்பற்றிக்கொள்ளும், நேரடித் தீயில் அது நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் வந்துவிடும். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்காமல் ஆவி மட்டும் வரும்படி வைத்து, அதற்குள் சின்னப் பாத்திரத்தை வைத்து உருக்குங்கள். மைக்ரோவேவில் வைப்பதும் வேண்டாம், மெழுகு அதில் சீராகச் சூடாகாது. தப்பித்தவறி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், அடுப்பை அணைத்துவிட்டு மூடியைப் போட்டு மூடுங்கள். உருகிய மெழுகு கையில் பட்டால் உரித்தெடுக்கப் பார்க்காமல் குளிர்ந்த நீரில் பிடியுங்கள்.

இனி வேலை. மெழுகைக் கத்தியால் சீவியோ துருவியோ சரியாக நிறுத்துக்கொள்ளுங்கள். அதோடு அதே எடைக்குக் கோகோ பட்டரையும் சேர்த்து உருக்கினால் பின்னால் கலப்பது எளிதாகும். கோகோ பட்டர் இல்லாவிட்டால் மணமில்லாத எண்ணெய் ஒரு தேக்கரண்டி. எண்ணெய் கூடினால் சாக்லேட் இளகிவிடும், அப்புறம் மெழுகு போட்டதே வீண். இது 65 அல்லது 70 டிகிரியில் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும். இறக்கி, 55 டிகிரிக்கு வரும்வரை காத்திருங்கள்.

இதற்குள் சாக்லேட்டைத் தனியாக 45 டிகிரிக்கு உருக்கி வைத்திருக்க வேண்டும். பாத்திரம், கரண்டி, உங்கள் கை எல்லாம் ஈரமில்லாமல் இருக்கட்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலே சாக்லேட் மணல்மணலாகத் திரண்டுவிடும், ஆவி பட்டுப் பாத்திரத்தின் விளிம்பில் நிற்கும் துளியும் இதில் சேர்த்தி.

மெழுகுக் கலவையை மெல்லிய இழையாக ஊற்றிக்கொண்டே சாக்லேட்டைக் கிளறுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் விளிம்பில் பட்ட மெழுகு உடனே வெள்ளைத் துணுக்காக இறுகி மிதக்கும். அப்படி மிதந்தால் பயப்பட வேண்டாம். திரும்ப நீராவிமேல் வைத்து 50 டிகிரிக்குக் கொண்டுவந்தால் கரைந்துவிடும். டார்க் என்றால் 55 வரை தாங்கும், மில்க்கும் வெள்ளையும் 50 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, பால் திரிந்து கட்டி தட்டிவிடும்.

பலர் மாட்டிக்கொள்கிற ஒரு இடம்: டெம்பரிங் செய்து முடித்த சாக்லேட்டில் மெழுகைக் கலக்காதீர்கள். 55 டிகிரி மெழுகு உள்ளே போனதும் நீங்கள் பாடுபட்டு வரவழைத்த படிகமெல்லாம் உருகிப் போய்விடும். கலந்துவிட்டு டெம்பரிங் செய்யலாம் என்றால் 31 டிகிரிக்கு இறங்குவதற்குள் மெழுகு இறுகத் தொடங்கிவிடும். டெம்பரிங் வேண்டுமா, மெழுகு வேண்டுமா, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு குதிரையில் சவாரி இங்கே நடக்காது.

7. முக்கி எடுப்பதும் ஆறவைப்பதும்

உள்ளே வைக்கும் பண்டம் அறைச் சூட்டில் இருக்க வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து அப்படியே எடுத்து முக்கினால் வெளியே இறுகிய ஓடு, உள்ளே இருப்பது சூடேறி விரியும்போது வெடித்துவிடும். இரண்டு பல் உள்ள முள்கரண்டியில் வைத்து முக்கி, தூக்கி, பாத்திர விளிம்பில் இரண்டு மூன்று தட்டுத் தட்டி, அடியை விளிம்பில் வழித்துவிட்டுத் தாளில் வையுங்கள். வழிக்காமல் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் அடியில் பாவாடை கட்டினது மாதிரி பரவி நிற்கும்.

மெழுகு கலந்த சாக்லேட்டை 45 டிகிரிக்குக் கீழே விடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்காகக் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேலேயே வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் சூடு பாருங்கள். உருக்க 15 முதல் 20 நிமிடம், முக்க உங்கள் கைவேகம், அறை 18 முதல் 20 டிகிரியில் இருந்தால் இறுக அரைமணி நேரம். அறை சூடாக இருந்தால் பத்து நிமிடம் குளிர்பெட்டியில் வைக்கலாம். நீண்ட நேரம் வைத்து வெளியே எடுத்தால் வியர்த்து, சர்க்கரை மேலே வந்து வெளுத்துவிடும். ஏற்கெனவே குளிர்பெட்டியில் வைத்துவிட்டீர்கள் என்றால் டப்பாவைத் திறக்காமலே அறைச் சூட்டுக்கு வரவிட்டுப் பிறகு திறங்கள்.

மெழுகு போட்டதால் இனி வெளுக்கவே வெளுக்காது என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே கோகோ பட்டர் டெம்பரிங் ஆகாமல்தான் இருக்கிறது, மெழுகு அதைக் கொஞ்ச நாள் மறைத்து வைக்கிறது, அவ்வளவுதான். ஒரு வாரத்துக்குள் காலி செய்கிற மாதிரி அளவாகச் செய்யுங்கள். மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டிய பண்டம் என்றால் முதல் படிக்கே திரும்பிப் போங்கள்.

8. மேலே மினுக்கு மட்டும் வேண்டும் என்றால்

சாக்லேட் சுற்றிய பாதாம், திராட்சைக்கு வரும் மினுக்கு சுழலும் சட்டியில் கிடைப்பது. சாக்லேட் உருண்டைகளுக்குப் பெரும்பாலும் கருவேலம் பிசின் இனத்தைச் சேர்ந்த அரபிப் பிசின் கரைசலை ஊற்றிச் சுழற்றி மினுக்கி, காய்ந்த பிறகு மேலே ஷெல்லாக் கொடுத்து மூடுவார்கள். கார்னவுபா அதிகம் பயன்படுவது சர்க்கரை ஓடு போட்ட மிட்டாய்களுக்கு. அளவைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், ஒரு கிலோ மிட்டாய்க்கு ஒரு கிராம் அல்லது அதற்கும் கீழேதான். கூடுதலாகப் போட்டால் மினுக்கு கூடாது, திட்டுத்திட்டாக வெள்ளை நிற்கும்.

வீட்டில் சுழல் சட்டி இல்லாமல் இதைச் செய்து பார்க்க ஆசையிருந்தால், சாக்லேட் உருண்டைகளை ஒரு இரவு குளிர்ச்சியான, ஈரப்பதம் குறைந்த அறையில் விட்டு நன்றாக இறுகவைத்து, மூடியுள்ள அகலமான டப்பாவில் போட்டு மெல்ல உருட்டுங்கள். ஒன்றோடொன்று உரசியே ஓரளவு மெருகு ஏறும். மெழுகுத்தூள் தூவுவதெல்லாம் அதற்குப் பிறகுதான், அதுவும் சிட்டிகையில் பாதி. உண்மையைச் சொன்னால், பத்து இருபது உருண்டைக்காகக் கார்னவுபா வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

9. மெழுகுத்தாளும் பட்டர் பேப்பரும்

இரண்டும் ஒன்று என்று நினைத்து மாற்றி வாங்கிவிடுவார்கள். மெழுகு பூசிய தாள், முக்கி எடுத்த சாக்லேட்டை ஆறவைக்க, சுற்றி வைக்க நன்றாக உதவும். அதை ஓவனில் வைத்தால் மெழுகு உருகிப் புகையும். ஓவனுக்கு வேண்டியது பட்டர் பேப்பர் என்று சொல்கிற, சிலிகான் பூசிய பேக்கிங் தாள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பேக்கிங் தாளை வாங்குங்கள், அது இரண்டு வேலைக்கும் ஆகும்.

மோல்டில் ஊற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மோல்டிலிருந்து வரவில்லை என்று உள்ளே மெழுகு தடவுகிறார்கள். சரியாக டெம்பரிங் ஆன சாக்லேட் இறுகும்போது சுருங்கித் தானே விட்டுவிடும். பஞ்சால் மோல்டை நன்றாகத் துடைத்து மினுக்கி வையுங்கள், போதும். வரவில்லை என்றால் கோளாறு சாக்லேட்டில்.

10. விற்கப் போகிறீர்கள் என்றால்

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பல இடங்களில் மெழுகு சாக்லேட்டின் மேற்பூச்சாக மட்டும்தான் அனுமதி, உள்ளே கலப்பதற்கு இல்லை. அதிலும் பாரஃபினுக்குக் கெடுபிடி அதிகம். உங்கள் நாட்டின் உணவுப் பாதுகாப்புத் துறை வெளியிட்டிருக்கும் சேர்மானப் பட்டியலில், சாக்லேட் என்ற பிரிவின் கீழ் நீங்கள் வாங்கிய மெழுகின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். மிட்டாய் என்ற பிரிவில் இருந்தால் போதாது, அது வேறு பிரிவு. அந்த வரிக்கு நேரே எவ்வளவு, எதற்கு என்ற குறிப்பையும் சேர்த்துப் படியுங்கள். புரியவில்லை என்றால் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள், தொலைபேசியில் சொன்னது நாளைக்கு யாருக்கும் நினைவிருக்காது. பாக்கெட்டுகளை அச்சடிப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள், அச்சடித்த பிறகு மாற்றினால் அந்தச் செலவு உங்கள் தலையில்.

பொருள்பட்டியலில் மெழுகின் பெயரோ எண்ணோ, மினுக்குப் பொருள் என்ற குறிப்போடு வர வேண்டும். கொஞ்சம்தானே என்று விடக்கூடாது. வீகன் என்று எழுதும் முன் 901, 904 இரண்டும் இல்லையா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

11. கழுவுவது

மெழுகுப் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றிக் கழுவி அப்படியே தொட்டியில் கொட்டாதீர்கள். சூடாக இருக்கும்போது ஓடும், குழாய்க்குள் போய் ஆறியதும் அடைத்துக்கொள்ளும், பிளம்பர் வந்தால்தான் திறக்கும். பாத்திரம் இளஞ்சூடாக இருக்கும்போதே காகிதத்தால் வழித்துத் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, மிச்சத்தைச் சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேயுங்கள். தெர்மாமீட்டரின் நுனியையும் மறக்காமல் துடையுங்கள், அதில் மெழுகு ஒட்டியிருந்தால் அடுத்த முறை சூட்டைத் தாமதமாகக் காட்டும். மீதி மெழுகைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, மேலே பெயர், தொகுப்பு எண், வாங்கிய தேதி எழுதி, மெழுகுவர்த்திகள் இருக்கும் அலமாரியை விட்டுத் தள்ளி வையுங்கள்.